வழி கேளா வேந்தன் உறைபனி ஏரிமேல் படையெடுத்த படலம்

வாழ்க வழி கேளா வேந்தன்! வாழ்க மேட்டகள்ளி மூன்றாம் குறுக்குத் தெருவின் முடிசூடாக் காவலன்! மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தரம் பார்த்து, மயிரிழைக் கீறல் கண்ட உருப்படியையும் இரக்கமின்றிச் சிவப்புக் கூடையில் எறிந்துவரும் அஞ்சா நெஞ்சன், கௌதள்ளி மண் ஈன்ற கொழுந்து, முழங்கால் வலியை முழங்காலுக்கு மேல் ஏறவிடாத மானி, ரவிக்குமார் என்னும் திருநாமம் பூண்ட எங்கள் தலைவன், தன் ஐம்பத்திரண்டாம் வயதில், தை மாதத்தின் ஒரு காலைப் பொழுதில், இமயத்தின் மடியில் கல்லாய் உறைந்து கிடந்த ஓர் ஏரியை நோக்கிக் கால்களில் பனிப்பாதுகை பூட்டிப் படைநடத்திச் சென்ற மாக்கதையை இங்கே சொல்லத் துணிந்தோம். பனியே, சற்று உருகாதிரு. கேட்போரே, பாதியில் எழுந்து போகாதீர். கதை ஒன்றும் அவ்வளவு நீளமில்லை.

வழி கேளா வேந்தன் என்னும் விருது அவனுக்கு வந்த வரலாற்றை முதலில் சொல்லியாக வேண்டும். முன்னொரு காலத்தில், அதாவது ஆறு ஆண்டுகளுக்கு முன், சாமராஜநகரில் ஒரு திருமணத்துக்குப் புறப்பட்ட எம்மான், மைசூர்ப் பேருந்து நிலையத்தில் நிரைநிரையாய் உறுமி நின்ற பேருந்துகளிடையே ஒன்றைத் தன் கூர்விழியால் தேர்ந்து, நடத்துநரையோ பக்கத்து இருக்கைக்காரரையோ ஒரு சொல்லும் கேளாமல், நஞ்சன்கூடு கடந்து, வயல்கள் கடந்து, வானமும் வண்ணம் மாற, வேறு ஊரான குண்டல்பேட்டையில் போய் இறங்கினான். தாலி கட்டி முடிந்து பந்தியும் முடிந்தபின் மண்டபம் வந்து சேர்ந்தவனை உறவினர் சூழ்ந்து வினவியபோது, குண்டல்பேட்டையில் தனக்கு ஒரு வேலை இருந்ததென அவன் முழங்கினான். இன்றுவரை அந்த வேலை என்னவென்று யாருக்கும் தெரியாது.

இனி அவன் பக்தியின் பெருமை. மாதேசுவர மலைக்குப் போகும் வழியில் உள்ள கௌதள்ளியில் பிறந்தவன் வேறெப்படி இருப்பான்? மீசை அரும்பிய நாளிலேயே அம்மலைக்குக் கல்லும் முள்ளும் மிதித்து வெறுங்காலில் நடந்தவன் அவன். அந்தப் பழக்கம் அவன் தலையை விட்டு இறங்கிக் கால்களில் குடியேறிவிட்டது. ஸ்கூட்டரில் விரைகையில் சாலையோரம் ஒரு கோபுரமோ கொடியோ தென்பட்டால் போதும், மூளையிடம் அனுமதி கேளாமலே அவன் வலக்கால் செருப்பிலிருந்து உருவிக்கொள்ளும். ஒருமுறை இப்படி உருவிய செருப்பு ஒண்டிகொப்பல் சிக்னலில் விழுந்துவிட, நூறு வாகனங்கள் ஹாரன் முழக்கி வாழ்த்தொலி எழுப்ப, எம்மான் ஒற்றைச் செருப்போடு ஆலை புகுந்தான். அன்று மாலை புதுச் செருப்பு வாங்கினான்.

இத்தகைய வேந்தனுக்கு வாய்த்த அரசி சொர்ணலதா. அவளோ கேட்பதையே மூச்சாகக் கொண்டவள். சரியான பேருந்துதானா என்று ஏறும்முன் இருவரிடமும், ஏறியபின் இருவரிடமும் கேட்டு, அவர்கள் நால்வரும் ஆமென்றபின் நடத்துநரிடம் ஐந்தாம் முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் உட்காருவாள். அவளோடு கடைத்தெரு போவதென்றாலே எம்மானுக்குத் தலை குனிவு. ஆனால் அவள் இதுவரை குண்டல்பேட்டையில் போய் இறங்கியதில்லை.

இவ்விருவரிடையே மூண்ட போரின் காரணம் யாதெனில், மண்ணன்று, பொன்னன்று, ஸ்கூட்டரின் முன்சீட்டு. சரஸ்வதிபுரத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் வேலை ஒன்று சொர்ணலதாவுக்குக் கிடைத்திருந்தது. இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சேருவதற்குள் வகுப்பில் பாதி முடிந்துவிடும். ஸ்கூட்டரோ காலை முதல் மாலை வரை ஆலையின் தகரக் கொட்டகையில் சும்மா வெயில் காய்ந்தது. காலையில் தானே வண்டியை ஓட்டி அவனை ஆலை வாசலில் இறக்கிவிட்டு, அப்படியே வகுப்புக்குப் போய்விடலாமே என்று அவள் கேட்டாள். உரிமம் எடுத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன; தனியே போகும்போது அவள் ஓட்டாத சாலை இல்லை. ஆனால் ஆலை வாசல்! முதல் ஷிப்ட் நுழையும் வேளையில் இருநூறு இணைக் கண்கள் காத்திருக்கும் அந்தப் பெருவாயிலில், இருபத்தெட்டு ஆண்டு தரம் பார்த்த கோமான், மனைவியின் பின்னாலிருந்து, மடியில் டிபன் பாக்ஸோடு, கால் தூக்கி இறங்குவதா? வானம் இடிந்தாலும் ஆகாது என்றான். அடுத்த நாளும் இரண்டு பேருந்து மாறித்தான் போனாள், வகுப்புக்கும் தாமதமாகத்தான் போனாள். அவளுக்கு அது உள்ளுக்குள் மிகவும் வலித்தது.

இப்படி இருக்கையில், திருமணமாகி இருபத்தைந்து ஆண்டு நிறைந்ததென்று மகள் மனிஷா தன் சம்பளத்தில் பெற்றோருக்கு ஒரு பயணம் பதிவுசெய்தாள். மைசூரிலிருந்து பதினான்கு பேர் கொண்ட குழு. இமாசலத்தில், பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஓர் ஏரி. குளிர்காலத்தில் அது முழுதும் உறைந்துவிடுமாம். முறம்போல் அகன்ற ஸ்னோஷூ என்னும் பனிப்பாதுகையைக் காலில் கட்டிக்கொண்டு மூன்றரைக் கிலோமீட்டர் பனியில் நடந்து போய்ப் பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின் நடுவே இதைக் கேட்டதும் சொர்ணலதா ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். மகளைச் சாட்சியாக்கித் தன் போர்ப்பிரகடனத்தை வெளியிட்டாள்.

"ஏனுங்க, அந்த ஏரிய யாரு மொதல்ல தொடறாங்களோ, அவிங்கதான் இனி வண்டி ஓட்டோணும். செரியா?"

எம்மான் நகைத்தான். அந்நகை கேட்டு ஜன்னலில் இருந்த காகம் பறந்தது.

"செரி. பாதி வழியில குந்திக்கிட்டு என்னையக் கூப்பிடக் கூடாது, ஆமா."

இவ்வாறு வஞ்சினம் உரைக்கப்பட்டது. மகள் இருவருக்கும் அப்பளம் வைத்தாள்.

பின்னர் தொடங்கிற்று எம்மானின் போர்ப்பயிற்சி. குக்கரஹள்ளிக் கெரே என்னும் ஏரியை ஞாயிறுதோறும் நான்கு முறை வலம்வந்தான். கைக்கடிகாரம் அடி எண்ணிச் சொல்லச் சொல்ல மார்பு விம்மினான். பனிப்பாதுகை மைசூரில் கிடைக்காது என்பதால், மகளின் பழைய ஷட்டில் பேட் இரண்டைக் கைப்பிடி பின்னோக்க உள்ளங்காலில் கயிற்றால் இறுகக் கட்டி, பக்கத்து மனையில் வீடு கட்டக் குவித்திருந்த மணற்குன்றின்மேல் விடியற்காலையில் ஏறினான். ஏறினான், சரிந்தான், மீண்டும் ஏறினான், மீண்டும் சரிந்தான். நரம்புகள் அறுந்து வீணைபோல் ஒலித்தன. அவன் நரம்பல்ல, பேட்டின் நரம்பு. அங்கே வேலைக்கு வந்த சித்தாள் மல்லம்மா இடுப்பில் கைவைத்து இந்த வீரத்தைக் கண்ணுற்றாள்.

"அண்ணா, அது சலிச்சு வெச்ச மணல். பேட்டு ஒடைஞ்சா பரவால்ல, மணல்ல குப்பை சேரக் கூடாது, மேஸ்திரி பைவாரு."

மேஸ்திரி திட்டுவார் என்று அவள் சொன்னது எம்மான் செவியில் ஏறவில்லை. மாவீரர் பயிற்சியில் இருக்கும்போது மணலைப் பற்றிப் பேசுவோர் எந்தக் காலத்திலும் உண்டு.

சொர்ணலதா என்ன பயிற்சி செய்தாள் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. பதினோரு ஆண்டுகளாகச் செய்துவரும் வேண்டுதலை மட்டும் அந்த மார்கழியில் இன்னொரு முறை செய்தாள். சாமுண்டி மலைப் படிகள் ஆயிரத்துச் சொச்சத்திலும், ஒரு படி விடாமல், குனிந்து மஞ்சள் தடவி, குங்குமம் இட்டு, நிமிர்ந்து, அடுத்த படியில் மீண்டும் குனிந்து, உச்சி வரை ஏறினாள். வீட்டுக்கு வந்து இட்லிக்கு மாவாட்டினாள். எம்மானின் கைக்கடிகாரம் இதை எண்ணவில்லை.

ஆகாய மார்க்கமாகவும் மலைப்பேருந்து மார்க்கமாகவும் சென்று, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பதினான்கு வீரரும் பனிநாடு புகுந்தனர். அந்தோ, என்ன வெண்மை! மாவு மில்லில் மூட்டை அவிழ்ந்தாற்போல் மலையெல்லாம் வெள்ளை, மரமெல்லாம் வெள்ளை, எம்மான் மீசையும் வெள்ளை. ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் வாடகைக் கோட்டு, அதன்மேல் மகள் அனுப்பிய மப்ளர் என நால்வகைக் கவசம் அணிந்து, பனிப்பாதுகையின் வார்களை வழிகாட்டி பூட்டிவிட, எம்மான் ஒருகால் எடுத்து மறுகால்மேல் வைத்து முதலடியிலேயே மண்ணை முத்தமிட்டான். மண் எங்கே, பனிதான். தனக்கு மண்டியிட்டு வணங்கும் வழக்கம் உண்டென அறிவித்து எழுந்தான்.

புறப்படும் முன் சொர்ணலதா வழிகாட்டியிடம் தன் கேள்விக்கணைகளைத் தொடுத்தாள். கொஞ்சம் இந்தி, கொஞ்சம் கன்னடம், மீதி கையசைவு. ஏரிக்கரையில் கோயில் உண்டா? உண்டு, அம்மன் சன்னதி, சிவப்புக் கொடி பறக்கும். அங்கே இந்தப் பாதுகையைக் கழற்ற வேண்டுமா? வழிகாட்டி சிரித்தான். குளிர்காலத்தில் அம்மனைப் பல்லக்கில் கீழூருக்கு அழைத்துப்போய்விடுவோம், சன்னதி பூட்டித்தான் இருக்கும், அங்கே யாரும் எதையும் கழற்ற வேண்டாம், கழற்றினால் தொடை வரை உள்ளே போய்விடுவீர்கள் என்றான். பன்னிரண்டு பேர் இதைக் கேட்டுத் தலையாட்டினர். எம்மான் கேட்கவில்லை. அவன் அப்போதே நாற்பதடி முன்னால் போய்விட்டிருந்தான்.

ஆ, அவன் நடை! அகட்டி வைத்த கால்களும், ஆடி அசையும் இடையும், இருகையிலும் ஏந்திய ஊன்றுகோல்களும், மூக்கிலிருந்து புகையெழும் பெருமூச்சுமாய், வயலில் இறங்கிய வாத்துபோல் எம்மான் பனியைக் கிழித்து முன்னேறினான். வழிகாட்டி முன்தினம் மிதித்துப் போட்ட பாதை வளைந்து வளைந்து சென்றது. வளைவதா, வழி கேளா வேந்தனா! நேரே ஏறினான். பனி வழுக்க, பல் கடித்தான், பைன் மரக்கிளை ஒன்று தன் சுமையை அவன் தலையில் கொட்ட, "யாரது!" என முழங்கினான். முழங்கால்கள் கலகம் செய்தன. நெஞ்சு உலைக்களமாயிற்று. ஆலை வாசலையும் இருநூறு இணைக் கண்களையும் நினைத்தான், கலகம் அடங்கிற்று. அவன் உண்மையில் பயந்துதான் இருந்தான். அவள் தோற்றுவிடுவாள் என்று நம்பியிருந்தால் இவ்வளவு வேகம் எதற்கு?

பின்னால் சொர்ணலதா வந்துகொண்டிருந்தாள். மிதித்த பாதையில், அடிமேல் அடியாக, குனிந்து நிமிரும் அந்தப் படிக்கட்டுத் தாளத்திலேயே வந்தாள். வழியில் இருவரிடம் நேரம் கேட்டாள். ஒருவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். தூரம் எவ்வளவு பாக்கி என்று மூன்று முறை கேட்டாள். மூச்சு வாங்கவில்லை.

இரண்டரை மணி நேரப் போருக்குப்பின் கடைசி மேடு ஏறிய எம்மான் விழிகளில், கீழே, மலைகளின் கைக்குழியில், ஏரி தெரிந்தது. அசையாத நீர். ஒலியில்லாத வெளி. நீலமும் வெண்மையும் கலந்து கண்ணாடிபோல் கிடந்தது. சிறிது நேரம் அவன் போரையே மறந்து நின்றான், அவ்வளவு அழகாக இருந்தது. பிறகு திரும்பிப் பார்த்தான். அரசி நூறடி பின்னால். ஏரி முப்பதடி முன்னால். வெற்றித் திருமகள் மாலையைக் கையில் எடுத்துவிட்டாள். எம்மான் சரிவில் பாய்ந்தான். இருபத்தைந்தடி! இருபதடி! முரசுகள் அதிர்க! முன்சீட்டே, உன் தலைவன் வருகிறான்!

அப்போதுதான் அந்தச் சிவப்புக் கொடி தெரிந்தது.

பனியில் பாதி புதைந்த சிறு சன்னதி. பூட்டிய கதவு. மேலே படபடக்கும் சிவப்பு. கௌதள்ளிக் கால்கள் மூளையிடம் கேட்கவில்லை. அவையும் யாரையும் கேட்டுப் பழகியவை அல்லவே! நின்றன. குனிந்த கைகள் ஊன்றுகோல்களை விட்டுவிட்டு வார்களைத் தாமே அவிழ்த்தன. வலப்பாதுகை கழன்றது, இடப்பாதுகை கழன்றது; இரண்டையும் கோயில் வாசலில் வைப்பதுபோல் ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தான். கைகூப்பி, கண்மூடி, "தாயே" என்று ஓரடி எடுத்து வைத்தான்.

பூமி பிளந்தது. அதாவது, பனி இறங்கியது. வலக்கால் தொடை வரை சென்றது. அதை மீட்க இடக்காலை ஊன்ற, அதுவும் அண்ணன் போன வழியே போயிற்று. எம்மான் இடுப்புக்குமேல் மட்டும் இமயத்தின்மேல் எஞ்சினான். கூப்பிய கைகள் கூப்பியபடியே இருந்தன. உந்தினான், இடுப்பு மட்டும் இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போனது. உருள முயன்றான், வாடகைக் கோட்டு இடம் தரவில்லை. ஏரி பதினைந்தடி தூரத்தில் பளபளத்தது. அது நகரவில்லை, அவனும் நகரவில்லை.

சரக், சரக் என்று பனிப்பாதுகை ஒலி நெருங்கியது. அரசி வந்தாள். ஜோடியாக வைத்திருந்த பாதுகைகளைப் பார்த்தாள். கூப்பிய கைகளைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தக் கால்களின் பின்னால் உட்கார்ந்து போனவள் அல்லவா. சிரிப்பை உதட்டுக்குள் மடக்கினாள்.

"அடிகிடி பட்டுச்சுங்களா?"

"இல்ல."

"குளுருதா?"

"கொஞ்சம்."

"ஒரு நிமிசம் இருங்க. ஏரியத் தொட்டுட்டு வந்தர்றேன்."

சென்றாள். பதினைந்தடியும் அவசரமின்றிச் சென்றாள். கரையில் குனிந்து, கையுறையைக் கழற்றி, மஞ்சள் தடவுவதுபோல் உறைந்த நீரின்மேல் விரல்களை வைத்து எடுத்தாள். குளிரில் கையை உதறினாள். "ஆய்த்து!" என்று கன்னடத்தில் ஒரு முழக்கம் இட்டாள். மலைகள் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லின. முடிந்தது போர். மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த பன்னிரண்டு பேரும், ஏன் என்று தெரியாமலே, கைதட்டினர்.

சொன்னபடி ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தாள். வழிகாட்டியும் ஓடிவந்தான். இருவரும் ஆளுக்கொரு கை பிடித்து இழுக்க, உளையில் மாட்டிய வண்டிச் சக்கரம்போல் எம்மான் மெல்ல மெல்ல வெளிப்பட்டான். அவனைப் பனியின்மேலேயே உட்காரவைத்து, பனியைத் தட்டிவிட்டு, சொர்ணலதா அவன் காலடியில் குனிந்து வார்களைப் பூட்டத் தொடங்கினாள். ஆயிரம் படியிலும் குனிந்தவளுக்கு இது இன்னொரு படி. எம்மான் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தான். அவள் இரண்டு பேருந்து மாறிப் போன காலைகளெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. கூடவே, எப்படியோ, பெரிய சுமை இறங்கினாற்போலவும் இருந்தது. இனி யாரும் முந்த வேண்டியதில்லை.

அப்போது நிகழ்ந்தது அந்த அற்புதம். விண்ணோர் காது கொடுத்தனர், வீசிய காற்று நின்றது. வழி கேளா வேந்தன், வாழ்நாளில் முதன்முறையாக, வாய் திறந்து வழி கேட்டான்.

"இப்ப எந்தப் பக்கம் காலு வெக்கோணும்?"

"என்ற பின்னாலயே வாங்க. நான் மிதிச்ச எடத்துலயே மிதிங்க."

மிதித்தான். ஏரியை அவனும் தொட்டான், இரண்டாவதாக. ஜில்லென்று இருந்தது.

இனி என்ன சொல்ல? ஏரி வென்ற செல்வி தன் நகர் மீண்ட பெருமையை எங்ஙனம் உரைப்போம்! சாமுண்டி மலை தலைநிமிர, குக்கரஹள்ளிக் கெரே அலைக்கரம் கொட்ட, மேட்டகள்ளி மூன்றாம் குறுக்குத் தெருவின் நாய்களெல்லாம் எழுந்து நின்று வழிவிட, தலைக்கவசம் முடியாய் ஒளிர, சாவி செங்கோலாய் மிளிர, முன்சீட்டாகிய அரியணையில் அவள் வீற்றிருக்க, பின்சீட்டில் டிபன் பாக்ஸ் ஏந்திய மெய்க்காவலனாய் எம்மான் அமர, இருநூறு இணைக் கண்கள் இமையாது காத்திருக்கும் ஆலைப் பெருவாயிலை நோக்கி அந்த இருசக்கரத் தேர் ஊழிக்காற்றென, உருளும் இடியென, ஒருபோதும் எவராலும் தடுக்கவொண்ணாத வெற்றிப் பேரலையெனப் புறப்பட்டது, புறப்பட்டதே!

வழியில் ஒரு கோயிலைத் தாண்டும்போது ரவிக்குமாரின் செருப்பு கீழே விழுந்தது, சொர்ணலதா வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.